பேருந்து நிலையத்தில் கேட்ட குரல்

அக்காவுக்கு,

யாருக்கு எழுதினாலும் ஸ்தோத்திரம் என்றுதான் தொடங்குவேன். உனக்கு அப்படி எழுதக் கை கூசுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் கொடுக்கத் தொட்டியில் இறங்கி நின்றேன். துணிக்கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி படிவரை வந்து நின்றுவிட்டாள்.

"எனக்கு எந்தக் குரலும் கேக்கல பாஸ்டர். உங்களைக் கூப்பிட்ட மாதிரி ஆண்டவர் என்னைக் கூப்பிடவே இல்லையே. நான் எப்படி இறங்குறது?"

இடுப்பளவுத் தண்ணீரில் எனக்கு வேர்த்தது. அவள் நனையாமலே திரும்பிப் போனாள்.

குடித்துவிட்டுப் பேருந்து நிலையத்தில் கிடந்த என்னை, "மகனே, எழுந்து வா" என்று வானத்திலிருந்து ஒரு குரல் கூப்பிட்டதாகப் பதினெட்டு வருஷமாகச் சாட்சி சொல்கிறேன். இப்போது சபையில் ஆளாளுக்கு ஒரு குரல் கேட்கிறது. கேட்காதவர்கள் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்காருகிறார்கள்.

முதல் தடவை சொன்னபோது நீயும் அங்கே இருந்தாய். அதற்கப்புறம் நீ சபைக்கு வரவே இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

ஆண்டவர் கூப்பிட்டது பொய்யில்லை, அக்கா. யார் வாயால் கூப்பிட்டார் என்பதைத்தான் முழுங்கிவிட்டேன். அன்றைக்கு நீ சலவைக்கூடத்து வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, என் வாந்தியைத் துடைத்துவிட்டுச் சொன்னது எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது: "எந்திரிடா தடிமாடு, வீட்டுக்கு வா."

வரும் ஞாயிறு அதை அப்படியே சொல்லப்போகிறேன். உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கதவுப் பக்கம் ஒரு நாற்காலி போட்டுவைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தடிமாடு