கட்டத்தில் ஒரு கோடு

டிரம்கோ
வியாழக்கிழமை

அன்பு மகள் நுவாலாவுக்கு அப்பா எழுதுவது. இடது முழங்காலைத் தவிர இங்கே எனக்கு எல்லாம் சுகம்தான், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயல் ஓஷீனும் சுகமாக இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. பெர்த்தில் வெயில் தொடங்கியிருக்கும், பயலுக்குத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே, நம் வீட்டுத் தோல் வெயில் தாங்காது. இங்கே பதினோரு நாளாக மழை. அம்மாவின் கல்லறையில் செடி பிழைத்துக்கொண்டது, ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் போய்க் களை பிடுங்கிவிட்டு வருகிறேன். கவுன்சிலில் என் நிலைமையைக் கேட்டால் சிரிப்பாய். ஆங்கிலேயரிடமிருந்து நாட்டை விடுவிக்கப் போனவன் இப்போது குப்பைத் தொட்டியை வாரம் ஒரு முறை எடுப்பதா இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுப்பதா என்று மூன்று மணி நேரம் தொண்டை கிழியப் பேசுகிறேன், அதுவும் ராணி படத்துக்குக் கீழே உட்கார்ந்து அவர்கள் தருகிற பிஸ்கட்டைத் தின்றுகொண்டே. இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு இதை யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். பழைய தோழர்கள் சிலர் இன்னும் தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். அது பரவாயில்லை, நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம்.

சனிக்கிழமை காலையில் மளிகைக் கடை மாடியில் மக்கள் குறை கேட்க நான் உட்காருவது உனக்குத் தெரியும். போன மாதம் ஒரு கிழவர் கைத்தடியை ஊன்றி, படிக்கு ஒரு தடவை நின்று நின்று ஏறி வந்தார். பெயர் வெஸ்லி பர்டி என்றார், குளியல் தொட்டியில் வழுக்கி விழுந்துவிட்டாராம், பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி வேண்டுமாம். பெயரைக் கேட்டதுமே புராட்டஸ்டண்ட்காரர், நம்ம ஆள் இல்லை என்று தெரிந்தது, உங்கள் பக்கத்துக் கவுன்சிலரிடம் போகலாமே என்று கேட்டேன். எங்க ஆளுங்ககிட்ட ரெண்டு தடவ போயாச்சு, ஆளுக்கொரு காலண்டர் குடுத்தாங்க, நீங்க புடிச்சா விடாத ஆளுன்னு எனக்குத் தெரியும், எவனையும் விட எனக்கு நல்லாத் தெரியும் என்றார். அது எனக்குப் பழக்கமான குரல். சிறையில் ஒவ்வொரு காலையும் கதவைத் தட்டி எண்ணிக்கை கூப்பிட்ட வார்டரின் குரல் அது. நான் விண்ணப்பத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் கேட்டார், அந்தச் செவப்புக் கோட்டுப் புள்ளைக்கு இப்ப என்ன வயசு என்று.

எந்தப் புள்ள என்று கேட்டேன். உங்க வீட்டம்மா மாசத்துல மொத வியாழக்கிழம கூட்டிட்டு வருவாங்களே, அந்தப் புள்ளதான் என்றார். நுவாலா, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காலை எண்ணிக்கை முடிஞ்சா எனக்கு அப்ப வாசல்ல டூட்டி, மத்தக் குடும்பத்தாருங்க வர்ற வண்டியிலயே வந்து எறங்குவாங்க, அவரு இன்னிக்காவது சட்டை போட ஒத்துக்கிட்டாரான்னு கேப்பாங்க, இல்லம்மான்னு சொல்லுவேன், சரின்னு சொல்லிப் புள்ளையோட கோட்டுப் பித்தானைப் போட்டுவிட்டுட்டு வண்டி திரும்புற வரைக்கும் மழையில நிப்பாங்க, மூணு வருசம் ஒரு மாசம் தவறல. இவ்வளவுதான் சொன்னார். பிறகு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

அந்தச் சட்டைக் கதை உனக்குத் தெரியும். குற்றவாளிக்குத் தருகிற சட்டையைப் போட மாட்டோம், நாங்கள் போர்க்கைதிகள் என்று வெறும் உடம்பில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கிடந்தோம். மாதம் ஒரு தடவை வீட்டாரைப் பார்க்க வேண்டுமானால் அந்தச் சட்டையைப் போட்டாக வேண்டும். அரை மணி நேரம் போட்டுக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து கழற்றி எறிந்தவர்கள் எத்தனையோ பேர், அவர்களை யாரும் குறைவாக நினைக்கவில்லை. நான்தான் போடவில்லை. வீண் அலைச்சல், வராதே என்று சிகரெட் தாளில் பொடி எழுத்தில் எழுதி ஒளித்து அனுப்பினேன். வரல, கவலப்படாதீங்க என்று அதே மாதிரித் தாளில் உன் அம்மா பதில் எழுதினாள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு என் மனைவி எவ்வளவு உறுதியானவள் என்று பக்கத்து அறைக்காரனிடம் பெருமை பேசினேன். அவளோ வாசலில் நின்றிருக்கிறாள். கடைசி மூச்சு வரைக்கும் என் ரோசலீன் என்னிடம் இதைச் சொல்லவில்லை. நீயும் சொன்னதில்லை. மறந்துவிட்டாயா, நினைவிருந்தும் சொல்லவில்லையா, எனக்குத் தெரியாது. உன் பத்தாவது வயதில் நான் விடுதலையாகி வீட்டுக்கு வந்தபோது இந்த ஆளு எப்பம்மா போவாரு என்று அவளிடம் கேட்டாயே, அதைக் கேலிக் கதையாக எத்தனை கூட்டத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இனி சொல்ல மாட்டேன்.

உன் கல்யாணத்துக்கு வராததும் இதே பிடிவாதம்தான். அந்த விசா விண்ணப்பத்தில் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று போட மாட்டேன் என்றேன், ஓரத்தில் அரசியல் கைதி என்று எழுதி அனுப்பினேன், மறுத்துவிட்டார்கள். ஒரு கோடுதானப்பா, கட்டத்துல ஒரு கோடு என்று நீ போனில் அழுதாய். அது கோடு இல்ல, என் தோழர்களோட மானம் என்று நான் மேடையில் பேசுவதுபோலப் பேசினேன். நீ போனை வைத்தாய். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைதான். ஓட்டுக்காக எத்தனையோ வளைந்தேன், பழைய எதிரிக்குக் கை கொடுத்தேன், அவர்கள் தந்த கவுன்சில் தலைவர் பதவிச் சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பேப்பருக்குப் படம் எடுத்துக்கொண்டேன். உனக்காக மட்டும் வளையவில்லை. உனக்கு ஓட்டு இல்லை, அதுதான் காரணம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

போன திங்கட்கிழமை புது விண்ணப்பம் வாங்கி வந்து ஆம் என்ற கட்டத்தில் கோடு போட்டேன். கட்சி என்ன சொல்லும் என்று யோசிக்கவில்லை. எல்லைச் சுங்கச் சாவடியில் நாங்கள் வைத்த குண்டில் இரண்டு காதும் போன எழுத்தரை யோசித்தேன், அந்தக் கட்டத்தை அவரிடம் கொடுத்திருந்தால் ஆம் என்று போட ஒரு நிமிடம்கூடத் தயங்கியிருக்க மாட்டார். போட்ட பிறகு வானம் இடிந்து விழவில்லை, அடுப்பில் தேநீர்த் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பர்டியின் வீட்டில் கம்பி பொருத்திவிட்டார்கள், நேரில் போய் இழுத்துப் பார்த்தேன், உறுதியாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று. என்னை வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று நீ ஒரு கடிதம் எழுதித் தந்தால்தான் விண்ணப்பத்தைப் பார்ப்பார்களாம். எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், அந்த உரிமையும் எனக்கு இல்லை. எழுதவில்லை என்றால் அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை மறுபடி எழுதிக் கேட்பேன். அதற்கடுத்த மாதமும் கேட்பேன். மூன்று வருடம் தவறாமல் கேட்பது எப்படி என்று உன் அம்மா செய்து காட்டியிருக்கிறாள்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஓஷீனுக்குத் தொப்பி, மறக்காதே.

வாசலில் நிற்கும்
உன் அப்பா
மாலக்கி