அன்றிரவு தாய்வீட்டில்தான் தங்க வேண்டும்

ரங்கத், அந்தமான்

அன்பு மகள் சித்ராவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறபடி இருக்கிறோம், அவளுக்கு முட்டி வலி, எனக்குக் கோபம், மற்றபடி குறையில்லை. அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை கௌதமும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க முருகன் துணை செய்யட்டும். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், நடுவில் சிக்னல் போய்விடுகிறது, யார் யாரைத் திட்டினோம் என்றே தெரியாமல் முடிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுதும் படி.

பிரசவத்துக்கு அம்மாவை அனுப்பாமல், பாஸ்போர்ட் விஷயத்தில் நான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொன்னாயாம். நான் இழுத்தடிக்கவில்லை. இரண்டு தடவை போர்ட் பிளேர் போய்வந்தேன், அந்த ஊருக்கு இப்போது வேறு பேர் வைத்திருக்கிறார்கள், எனக்கு அது வாயில் வரவில்லை. அங்கே குட்வில் எஸ்டேட்டில் சிநேகிதன் விஜயன் வீட்டில் தங்கி மறுநாள் அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். உங்கள் மனைவி பிறந்த இடம் எது என்றார்கள், சிலோனில் பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டம் என்றேன். அப்படியானால் குடியுரிமை கொடுத்த பழைய காகிதம் வேண்டும் என்றார்கள். அந்தக் காகிதம் கச்சால் தீவில் நம் குடியிருப்போடு சுனாமியில் போனது உனக்குத் தெரியும், நீ அப்போது என் தோளில் இருந்தாய். நகலுக்கு மனு போடச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன், நானே இந்தியில் எழுதிக் கொடுத்தேன், ஒரு பிழை சொல்லவில்லை. டைம் லகேகா அங்கிள், நாளாகும் என்றான் அங்கிருந்த பையன். உன் பிரசவத்துக்குள் வராது. சிலோனில் எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், மண்டபம் முகாமில் சிலோன்காரன் என்றார்கள், இந்தத் தீவுகளில் இறங்கியதும் மதராஸி ஆனோம். எனக்கு அலுத்துவிட்டது அம்மா. நீ என்னையும் அங்கேயே வந்து இருந்துவிடச் சொல்கிறாய். இன்னொரு ஊரில் போய் நான் இன்னார் என்று சொல்லிக்கொண்டு நிற்கமாட்டேன். அந்தப் பேச்சை இதோடு விடு.

நம் தெருவில் தமிழ்க் குரல் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜெகநாதன் வீட்டை ஒரு பெங்காலி வியாபாரிக்கு விற்றுவிட்டு மகனோடு ஓசூர் போய்விட்டார். படித்த பிள்ளைகள் மெயின்லேண்டு, அதையும் தாண்டி உன்னைப்போல் சிலர். ஒன்றுக்கு மேல் யாரும் பெற்றுக்கொள்வதில்லை, பெற்றதும் இங்கே இருப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன, இருக்கிற நாலு பிள்ளைகளையும் இங்கிலீஷ் வகுப்பில் தள்ளுகிறார்கள், வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டேன், டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் ரோடு போட ஆள் வேண்டும், கட்டடம் கட்ட, பாக்கு மரம் ஏற ஆள் வேண்டும், அதனால் கப்பலுக்குக் கப்பல் ராஞ்சிப் பக்கத்துச் சனம் வந்து இறங்குகிறது, நாங்கள் இறங்கிய மாதிரியே ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பாயும். அப்படி வந்த ஒரு சின்னஞ்சிறு தம்பதியைத்தான் பெங்காலி ஜெகநாதன் வீட்டில் குடிவைத்தான். நான் கூடாது என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன், வருகிறவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்துக்கொண்டே போனால் இந்தத் தீவில் குடிக்கத் தண்ணீர் காணாது. நீங்களும் ஜஹாஜில், கப்பலில் வந்தவர்தானே சாச்சா என்று சிரித்துக்கொண்டே கேட்டான் அந்தப் பெங்காலி.

அங்கே பஸ்ஸில் ஒரு பையன் உன்னைப் பார்த்து உன் ஊருக்கே போ என்று கத்தியதாகச் சொன்னாய். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா தட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். அது வேறு, நான் சொல்வது வேறு. நான் யாரையும் பார்த்து நடுத்தெருவில் நின்று கத்தியதில்லை.

அந்த ராஞ்சிப் பெண் பேர் ரூபா. புருஷன் ரோடு வேலைக்கு மாயாபந்தர் பக்கம் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். அவளும் உன்னைப்போலவே வயிற்றுப்பிள்ளைக்காரி, உனக்கும் அவளுக்கும் ஒரே மாதம். அம்மாவுக்கு முட்டி வீங்கிய நாளிலிருந்து தண்ணீர் பிடித்து வைப்பது, எண்ணெய் தேய்ப்பது எல்லாம் அவள்தான், நான் வேண்டாம் என்றாலும் பின்பக்கமாக வந்துவிடுகிறாள். உன் அம்மா ஒருநாள் அவளுக்கு வளைகாப்புப் போடப் போகிறேன் என்றாள். போடு என்றேன். பிறகு பார்த்தால், உன் கல்யாணம் முடிந்த கையோடு போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் உனக்கென்று வாங்கிவைத்த பச்சையும் சிவப்பும் கண்ணாடி வளையல்களை வெளியே எடுத்து வைத்திருக்கிறாள். அது என் மகளுடையது, எடுத்த இடத்தில் வை என்று கத்தினேன். ஒங்க மக இங்க வரமாட்டா, என்னால அங்க போக முடியல, பொட்டிக்குள்ள கெடக்குற வளையல யாருக்குப் போடச் சொல்றீங்க, ஒங்க கைக்கா என்று கேட்டுவிட்டாள். இத்தனை வருஷத்தில் அப்படிப் பேசியதில்லை. பாதியை எடுத்துக்கொள், பாதியைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வெளியே தண்ணீர்த் தொட்டி மேல் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வளையல் போடுகிறவர்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டுமே, நம் ஆள் என்று பார்த்தால் உன் அம்மாவும் தபால்காரர் சம்சாரம் அலமுவும்தான். பெங்காலி சம்சாரம், தெலுங்கு டீச்சர், ராஞ்சிக்கார அம்மா ஒருத்தி என்று கூட்டிச் சேர்த்தாள். அலமு பாடினாள், பெங்காலி அம்மா நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள், அந்தப் பெண் கழுத்தில் சிலுவையோடு மணையில் உட்கார்ந்து வளையல் போட்ட ஒவ்வொருத்திக்கும் நமஸ்தே சொன்னாள். எலுமிச்சம்பழச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் இருந்தது. அன்றும் நான் தண்ணீர்த் தொட்டி மேல்தான், எனக்கும் ஒரு தட்டு அங்கே வந்தது. சாப்பிட்டேன்.

இனிமேல்தான் விஷயம். வளையல் போட்ட பெண் அன்றிரவு புருஷன் வீட்டில் தங்கக்கூடாது, தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும், பிள்ளை பிறக்கும்வரை அங்கேதான் என்று உன் அம்மா தன் உடைந்த இந்தியில் அவளுக்கு விளக்கியிருக்கிறாள், நம் வழக்கம் இப்படி என்று சும்மா சொன்னதுதான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் சத்தம் கேட்டது. கை நிறைய வளையலோடு ரூபா நிற்கிறாள், பின்னால் அவள் புருஷன் டிரங்குப் பெட்டியும் கொசுவலையும் பக்கெட்டுமாக நிற்கிறான். மாஜி, மேரா கம்ரா கௌன்ஸா, என் அறை எது என்று கேட்கிறாள். உன் அம்மா என்னைப் பார்த்தாள். அது என் மகள் அறை, அதை யாருக்கும் தரமுடியாது என்று வாய்வரைக்கும் வந்தது. அந்தப் பிள்ளை முகத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை, சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டேன் பார் என்பதுபோல் நின்றது. வளையல் போட்ட பெண்ணை வாசலோடு எப்படித் திருப்பி அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஆத்திரத்தில் நானே போய்ப் பூட்டைத் திறந்தேன். புருஷனை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டேன், வழக்கம் என்றால் முழுதாக நடக்கட்டும். உன் கட்டிலில்தான் படுக்கிறாள். அறையைக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதே, அது உன்னுடையது, இரவலாக இருக்கிறது.

அவள் அம்மா ஊரில் ஆடுகளோடு இருக்கிறாளாம். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன், கோயி நஹீ, யாருமில்லை என்றாள். அங்கே உன் வேலையில் யாரையோ பெற்ற தாய்க்கு நீ சோறூட்டுகிறாய், உன் தாய்க்கு இவள் எண்ணெய் தேய்க்கிறாள், கடைசியில் எங்கோ ஒரு கிழவி தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை, யார் செய்தது என்றும் தெரியவில்லை.

நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் பிரிஜெட் என்று ஒரு பெரியம்மா, பிள்ளைகளெல்லாம் ஆஸ்திரேலியாவில், உன் பிள்ளைக்குக் காலுறை பின்னுகிறாள் என்று சொன்னாயே, அந்நியரிடம் எதற்கு வாங்குகிறாய் என்று நான் திட்டினேன். மீதிப் பாதி வளையல்களை ஹார்லிக்ஸ் டப்பாவில் பஞ்சு சுற்றி இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பிரிஜெட் கையால் போட்டுக்கொள், இரண்டு கையிலும். புருஷன் இல்லாதவளாச்சே என்று உன் அம்மா இழுத்தாள். ஆறு பெற்று வளர்த்த கை, அதற்கு மேல் என்ன தகுதி வேண்டும் என்று கேட்டுவிட்டேன், இதில் மாற்றமில்லை. டூட்டியில் கண்ணாடி வளையல் கூடாது என்பாய், லீவு நாளாகப் பார்த்துப் போ. அன்றிரவு உன் வீட்டுக்குத் திரும்பாதே. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியாவது போடச் சொல்லி அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் வா. எதற்கு என்று யாராவது கேட்டால் தாய்வீடு என்று சொல்.

நீயும் பிள்ளையும் தனித்தனியாகி நல்லபடி பிழைத்து எழ வேண்டும், நூறு வருஷம் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசி. வளையல் ஒன்றாவது உடைந்து வந்ததா என்று மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஐயாவு