பிரிஜட்டுக்கு ஒரு சிலிங்

1995 பெப். 6, திங்கள்
மைனஸ் பதினெட்டு. லிஃப்ற் ஒன்று பழுது. வேலை முடிந்து நேரே லைப்ரரி. எங்கள் கட்டடத்துப் பத்தாம் மாடிக் கிழவி நோராவுக்குக் கண் மங்கிவிட்டது. அவருடைய அயர்லாந்துப் பூட்டனின் மரணசாதனத்தை, அதுதான் உயிலை, மைக்ரோபிலிமில் தேடுவது நான்தான். யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் சாதனம் எழுதிய நொத்தாரிசு, இங்கே மாடிப்படி துடைக்கிறவன். பழைய தொழில் இதற்காவது உதவட்டும்.

இன்று கிடைத்துவிட்டது! மகன் ஜோனுக்குக் காணி, இரண்டு பசு. மூத்த மகளுக்கு இறகு மெத்தை. இளையவள் பிரிஜட்டுக்கு ஒரு சிலிங் காசு. பிரிஜட்தான் நோராவின் அம்மம்மா, கனடாவுக்கு வந்தவர்.

பெப். 7, செவ்வாய்
நோராவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏன் ஒரு சிலிங் மட்டும்?" கலியாணத்தின்போதே சீதனம் கொடுத்து முடித்திருப்பார், இது பெயருக்கு, என்றேன். எங்கள் வழக்கம் அதுதானே. சீதனம் வாங்கிய பெண்ணுக்கு வேறு பங்கில்லை. எத்தனை சாதனம் அப்படி எழுதியிருப்பேன். நோரா அழுதுவிட்டார். "அப்படியென்றால் பிரிஜட்டில் அவருக்குக் கோபமில்லை."

சோறு போடும்போது மனுசி சொன்னாள்: "வசந்திக்குப் பொம்பிளைப்பிள்ளையாம். கடையிலை ஆரோ சொல்லித்தான் எனக்கே தெரியும்." கேட்காத மாதிரிச் சாப்பிட்டேன். எங்கள் ஒரே மகள். எங்களைக் கேளாமல் ஒரு வெள்ளைக்காரனைக் கட்டி இரண்டு வருடம். அவள் எங்களுக்குப் போன் எடுத்த நேரமெல்லாம் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். குழம்பில் உப்பில்லை.

பெப். 9, வியாழன்
பனி. வாங்க: பால், அரிசி, முழங்கால் மருந்து.
அதே சுருளில் வேறு ஆட்களின் சாதனங்களையும் வாசித்தேன். வாசித்திருக்கக்கூடாது. ஒன்றில்: 'என் சொல் கேளாமல் கலியாணம் செய்த மகளுக்கு ஒரு சிலிங், அதற்குமேல் இல்லை.' லைப்ரரிப் பெண்ணிடம் விசாரித்தேன். பிள்ளையை மறந்துபோய் விடவில்லை, தெரிந்தே தள்ளினேன் என்று காட்டத்தான் அந்தச் சிலிங் எழுதுவார்களாம்.
நொத்தாரிசாம் நான்! கிழவிக்கு என்ன முகத்தோடு சொல்வது? சொல்லாமலே விட்டால் என்ன?

பெப். 12, ஞாயிறு
நோரா தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் சொல்லிவிட்டேன். கோபிக்கவில்லை. தேநீர் ஊற்றித் தந்தார். பிறகு, "எழுதிய பிறகு எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்?" கொப்பியில் குறித்த தேதிகளைப் பார்த்தேன். பதினொரு வருடம்.
"மாற்றி எழுத நேரம் இருந்திருக்கிறது" என்றார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. வசந்தியின் நம்பரைக் கேட்டேன். மனுசி கறிக்குக் கோவா இலையை வெட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "அவை அஜக்ஸ் பக்கம் வீடு மாறிப்போட்டினம். புது நம்பர் எனக்கும் தரேல்லை."