அர்ச்சனா எடுத்த நிறம்

சித்திரை 20, சனி

எனக்கு எழுத்து தெரியாது. நான் பேசினால் எழுதிக்கொள்ளும்படி பேத்தி அர்ச்சனா போனில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். இன்று அவள் கல்யாணத்துக்கு மேடை கட்டுகிற பாக்யராஜ் வந்தான்.

"இன்னா கலரு தாத்தா? மேட, பூவு, வூட்டுப் பொம்பளைங்க பொடவ, எல்லாம் ஒரே செட்டா வரணும். இப்ப அதான்."

மேடைக்கும் மனுஷருக்கும் ஒரே நிறம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அரியூர் ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் பார்க்கிற பெண் அர்ச்சனா. கண் கூர்மை. அவன் போனில் காட்டிய நூறு படத்தையும் நிதானமாகப் பார்த்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டாள்.

சித்திரை 22, திங்கள்

சொல்லிவிட்டாள். வெளிர் சந்தனம். அவளுடைய கூரைப் புடவை தவிர எல்லாமே அதுதானாம். என் மகள் ஆண்டாள் குதித்தாள்.

"கல்யாணமாடி இது, கருமாதியா? பாகூர்லேர்ந்து வர்ற மாப்ள வூட்டுக்காரங்க மாலையோட நேரா சுடுகாட்டுக்குப் பூடுவாங்க."

"எங்கம்மா கட்டறது அந்தக் கலருதானே அத்தை. அது மாத்திக்காது. நாம மாத்திக்கலாம்."

ஆண்டாளை அடக்கிய ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

அர்ச்சனாவின் அம்மா, என் மருமகள் செல்வகுமாரி, அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. என் மகன் அரிகரன் போய்ப் பதினோரு வருஷம்.

சித்திரை 23, செவ்வாய்

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

அரிகரன் காரியத்தன்று செல்வகுமாரியின் அண்ணன் அரங்கநாதன் பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்தான். பச்சைப் புடவை, மெரூன் கரை. "இன்னாத்துக்குய்யா இது? இனிமே அவளுக்கு வெளுத்தது போதும்." நான் சொன்னதுதான். பிள்ளையைப் பறிகொடுத்த வாய். அவள் தலையைக் குனிந்தபடி கேட்டாள். அன்றிலிருந்து வெளுத்ததுதான்.

மறுமாசமே மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்? "பச்சையப்பன் மருமவ எவ்ளோ அடக்கம்" என்று டீக்கடையில் நாலு பேர் சொன்னது இனித்தது. அதான். வேறென்ன.

கரும்பு வெட்ட ஆள் பேசி, பேங்குக்கு அலைந்து, பெண்ணைப் படிக்க வைத்தவள் அவள். எங்கள் ஊர் கரியமாணிக்கத்தில் டிராக்டர்காரர்கள் அவளிடம் மட்டும்தான் நேரத்துக்கு வருவார்கள். அப்படிப்பட்டவளை ஒரு சொல்லால் கட்டிப்போட்டேனே.

சித்திரை 24, புதன்

அவளிடம் சொல்லப் போனேன். உளுந்து விலை பேசிவிட்டுத் திரும்பி வந்தேன்.

சித்திரை 26, வெள்ளி

சொல்லிவிட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"காரியத்தன்னிக்கி நான் சொன்னது தப்பும்மா."

என்ன சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவள் மனசிலும் அந்தச் சொல் அப்படியே இருந்திருக்கிறது.

"மொத வருசம் உங்களுக்காவத்தான் கட்டினேன் மாமா. அப்பால, நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"மறக்கல."

"அப்ப இன்னும் மோசம்" என்று வாளியைக் கீழே வைத்தாள்.

சரியாகத்தான் சொன்னாள். நின்று கேட்டுக்கொண்டேன். பிறகு அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டேன். மாட்டின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"கத்திரிப்பூ கலரு. சின்னதுலேர்ந்து."

இருபத்தேழு வருஷமாக ஒரே வீடு. எனக்குத் தெரியாது.

"கட்டுவியாம்மா?"

"நீங்க சொன்னீங்கன்னு கட்ட மாட்டேன். எம் பொண்ணு கல்யாணம். நானே பாத்துக்கறேன்."

என்னா பொம்பளை!

சித்திரை 28, ஞாயிறு

வில்லியனூரில் ஜவுளி எடுத்தோம். கடைக்காரர் சந்தன நிறத்தை அடுக்கிக்கொண்டே போனார். அர்ச்சனா எண்ணிக்கொண்டிருந்தாள். செல்வகுமாரி பின்னாலிருந்து கையை நீட்டினாள்.

"அந்தக் கத்திரிப்பூவ எடுங்க."

"ஒண்ணு போதுமாக்கா?"

"பதினாலு வேணும்."

அர்ச்சனா அம்மாவைப் பார்த்தாள். கெட்டிக்காரி. அங்கேயே பாக்யராஜுக்குப் போன் போட்டாள். "அண்ணா, மேட கலர மாத்துங்க" என்றவள், போனை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நான் என்ன பேசுவேன்? "மாத்துடா" என்றேன்.

"எனக்கு இந்தக் கலரு எடுக்காது" என்று முனகிய ஆண்டாள் கண்ணாடியில் மூன்று தடவை பார்த்துக்கொண்டாள்.

வைகாசி 25, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை தமிழ்க்குமரன் நல்ல பையன்.

மேடை, பூ, பெண்கள் எல்லாம் ஒரே கத்திரிப்பூ. பாகூர்க்காரப் பெரியவர் ஒருவர் என் காதோரம் குனிந்து, "பொண்ணோட அம்மா யாருங்க?" என்றார்.

பதினோரு வருஷமாக எந்தக் கூட்டத்திலும் அந்த வெளுத்த புடவையை வைத்தே அவளைத் தூரத்திலிருந்து கை காட்டிவிடுவேன். இன்று கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

"செத்த இருங்க, தேடிச் சொல்றேன்" என்றேன்.