இரண்டு கம்பியும் சுழலாத இடம்

அல்மாட்டி, பிப்ரவரி 24

குபாத்துக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். பிடித்த ஊரில் அல்லவா இருக்கிறாய். போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, இனி கடிதம் மட்டும் என்று இருவரும் சேர்ந்துதானே முடிவு செய்தோம்? வியாழக்கிழமை நீ கூப்பிட்டாய். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை.

டிரைவர் தாலாய் பாய்க்கேயின் பஸ்ஸில் இந்தக் கடிதத்தோடு ஒரு பென்டிரைவும் வருகிறது. குளிர்காலம் முழுக்க நான் செய்த கேட்லாக் அதில் இருக்கிறது. கட்டட இரும்புக் கம்பிகளை முனையோடு முனை திருகி இணைக்க எங்கள் தொழிற்சாலையில் செய்யும் கப்ளர்கள் எல்லாம் இனி கட்டட மாடல் மென்பொருளுக்குள்ளேயே கிடைக்கும். திரையில் இரண்டு கம்பிகளைத் தொட்டால் போதும். அவற்றை இணைக்க எந்தக் கப்ளர், எவ்வளவு நீளம், எவ்வளவு மரை என்று கேட்லாக்கே பார்த்துப் பொருத்திவிடும். நீ கட்டும் பிரசவ ஆஸ்பத்திரி மாடலில் போட்டுப் பார். குறை கண்டுபிடிப்பதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை.

அடுத்த மாதம் நவ்ரீஸ் பண்டிகைக்கு முன் இது வெளியாக வேண்டும். சொன்ன தேதியில் வெளியானால் பிரிவின் தலைமைப் பதவி எனக்கு என்று எங்கள் மேலாளர் பெக்சுல்தான் அகா சொல்லிவிட்டார். தவறினால் என்னோடு வேலை பார்க்கும் சாக்கெனுக்கு. ஆகவே "பிஷ்கெக்குக்கு வந்துவிடு" என்று இந்த முறையும் எழுதாதே. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அங்கே வேலையை ஒப்புக்கொண்டு போனவன் நீ. திரும்பி வர வேண்டியவனும் நீதான்.

குதிரைக்கறி அனுப்பியிருக்கிறேன். பொடிப்பொடியாக நறுக்கிப் பாழாக்காதே.

ரவ்ஷான்


பிஷ்கெக், மார்ச் 1

ஜானிம், என் உயிரான ரவ்ஷானுக்கு,

கறி தீர்ந்துவிட்டது. பொடியாகத்தான் நறுக்கினேன். உங்கள் ஊர்க்காரர்கள் கறியோடு வேகவைக்கும் மாவைப் போர்வை அகலத்துக்கு வெட்டிப் போட்டுவிட்டு அதற்கு பெஷ்பர்மாக் என்று பெயர் வேறு வைக்கிறார்கள். நான் என்ன சொல்ல?

கேட்லாக் பிரமாதம். ஒரு வாரம் இழுக்கும் வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. "யாருப்பா பண்ணது இது?" என்று ஆபீசில் கேட்டார்கள். "என் பொண்டாட்டி"ன்னேன். "இன்னும் பொண்டாட்டிதானா?" என்றான் ஒருவன். அவனோடு இப்போது நான் பேசுவதில்லை.

இனி எழுதப்போவது உனக்குக் கோபம் வரவழைக்கும். கீழ்த்தளத்தில் தூணும் சுவரும் சேரும் மூலையைப் பார். ஒரு கம்பி ஏற்கெனவே கான்கிரீட்டுக்குள் இருக்கிறது, அது சுழலாது. எதிரே வரும் கம்பியின் மறுமுனை வளைந்தது. அதைச் சுழற்றினால் பக்கத்துக் கம்பிகளில் போய் இடிக்கும். சாதாரணக் கப்ளர் பிடிக்க வேண்டுமானால் ஒரு கம்பியாவது சுழல வேண்டுமே. உன் கேட்லாக் அதைக் கேட்கவே இல்லை. பொருத்திவிட்டு, சரி என்று பச்சை காட்டுகிறது. சைட்டில் ஆட்கள் முடிந்தவரை திருகுவார்கள், முடியாவிட்டால் அப்படியே கான்கிரீட்டை ஊற்றிவிடுவார்கள். அடுத்த நிலநடுக்கத்தில் அந்த மூலை நிற்காது.

இதைத் திருத்தினால் உன் தேதி போகும் என்று தெரியும். பதவி போனால் நீ இங்கே வந்துவிடுவாய் என்று ஒரு நிமிடம் சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

உன்
குபாத்


அல்மாட்டி, மார்ச் 4

குபாத்,

காத்துக்கொண்டே இருந்திருக்கிறாய், எங்கே சறுக்குவாள் என்று. கப்ளர் எப்படிப்பட்டது என்று சொல்வதுதான் கேட்லாக்கின் வேலை. எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்று யோசிக்க என்ஜினீயருக்குத் தலை இருக்கிறது. உன் தலைக்கும் சேர்த்து நான் யோசிக்க வேண்டுமா?

கறி இனி கிடையாது.

ரவ்ஷான்


அல்மாட்டி, மார்ச் 11

குபாத்துக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப்போடு. கறி விஷயம் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

தொழிற்சாலை முற்றத்தில் ஒரு கம்பியை மேடையில் இறுக்கிவைத்து, எதிரே வளைந்த கம்பியைப் பிடித்து நானே திருகிப் பார்த்தேன். கால் சுற்றுக்கூடப் போகவில்லை, முழங்கையில் அடிபட்டதுதான் மிச்சம். நீ சொன்னது சரி. எழுதும்போதே எரிகிறது, ஆனாலும் சரி.

நேரே பெக்சுல்தான் அகாவிடம் போனேன்.

"வெளியில யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"என் வீட்டுக்காரருக்குத் தெரியும்."

"அவரு சொல்லமாட்டாருல்ல? இப்ப வெளியிட்டுடுவோம். அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம்."

"அவரு சொல்லமாட்டாரு அகா. நான் சொல்லாம இருக்கமாட்டேன். நம்ம ஊரு நிலம் ஆடறதுக்கு அடுத்த பதிப்பு வரைக்கும் காத்திருக்குமா?"

"தேதி போனா பதவி சாக்கெனுக்குத்தான். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

"நான் என்னைக்கு அகா அழுதிருக்கேன்?"

பதவி சாக்கெனுக்குப் போய்விட்டது. நான் அழவில்லை, கொஞ்சம் பல்லைக் கடித்தேன். மறுநாளே அவன் என் மேசைக்கு வந்து, "அக்கா, இந்தக் கேட்லாக்க எப்படித் திறக்கறது?" என்று கேட்டான். மனசு ஆறிவிட்டது.

இரண்டு கம்பியும் சுழலாத இடத்துக்கு எங்களிடம் இன்னொரு வகைக் கப்ளர் இருக்கிறது. அதையும் சேர்த்துவிட்டேன். இனி எந்தக் கம்பி சுழலும் என்று கேட்லாக் முதலில் பார்க்கும். எதுவும் சுழலாவிட்டால் இந்த வகையைத்தான் எடுக்கும். இது முதலில் ஒரு கம்பியின் நீண்ட மரையில் முழுக்க ஏறிக்கொள்கிறது. எதிர்க்கம்பி வந்து முட்டியதும் பாதி தூரம் திரும்பிப்போய் அதையும் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் நட்டு போட்டு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் தளர்ந்துவிடும்.

இதை எழுதிச் சேர்த்த அன்று முழுக்க உன் நினைவுதான். நீயும் திரும்பமாட்டாய், நானும் திரும்பமாட்டேன். வீட்டில் உன் நாற்காலியில் துணிதான் காய்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, குபாத்.

புதிய கேட்லாக்கை உங்கள் ஆஸ்பத்திரி சைட்டிலேயே வைத்துச் சோதிக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். கட்டடம் எழும்பும்வரை, அக்டோபர் வரை, அங்கே இருப்பேன். பதவி போனதால் வருகிறாள் என்று நினைத்தாயானால் எல்லையிலேயே பஸ்ஸைத் திருப்பச் சொல்வேன். வர வேண்டும் என்று தோன்றியது, வருகிறேன். முதலில் முழுக்க உன் பக்கம்.

அதற்குப் பிறகு என்ன என்பதை நீதான் சொல்ல வேண்டும். நட்டு உன் கையில்.

உன்
ரவ்ஷான்


பிஷ்கெக், மார்ச் 14

என் ரவ்ஷானுக்கு,

உன் கடிதத்தைப் பஸ் நிலையத்தில் நின்றபடியே படித்தேன். "என்னப்பா, நல்ல சேதியா?" என்று தாலாய் பாய்க்கே கேட்டார். நான் மறுபடியும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அவரே தண்ணீர் கொடுத்தார்.

அக்டோபரில் ஆஸ்பத்திரி முடிகிறது. அதன்பின் இங்கே இன்னொரு வேலை தருகிறார்கள். வேண்டாம் என்று எழுதிவைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. போன முறை உன்னைக் கேட்காமல் ஒப்புக்கொண்டேன். இந்த முறை உன்னைக் கேட்காமல் மறுக்கவும் மாட்டேன்.

ஆகவே கேட்கிறேன். அக்டோபரில் நான் உன்னோடு அல்மாட்டிக்கு வரலாமா? அந்த நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைக்குமா?

தாலாய் பாய்க்கே நாளைக் காலையில் இந்தக் கடிதத்தோடு புறப்படுகிறார். பதில் வாங்காமல் திரும்பி வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

குபாத்


அல்மாட்டி, மார்ச் 15

குபாத்,

தாலாய் பாய்க்கே இன்ஜினை அணைக்காமல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார், ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

வா. துணியை எடுத்துவிட்டேன். மாவு மட்டும் அகலமாகத்தான் வெட்டப்படும்.

ரவ்ஷான்