டபுள்ஸ் வண்டி வரிசையில் நம் பெண்

என் ஸ்டெல்லா,

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. தினமும் உலை வைக்கிறேன். ரெபேக்கா சாப்பிடுவதில்லை. பசியில்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, என் சாம்பாரைக் குப்பைத்தொட்டியே யோசித்துத்தான் வாங்கிக்கொள்கிறது. ஆனால் பிள்ளை இளைத்துக்கொண்டே போகிறாள். ஜூனில் ரவுண்ட் ராக் ஊரில் இருக்கிற உன் தங்கை வீட்டுக்கே போய்விடப்போகிறாளாம். ப்ளைட் டிக்கெட்டும் போட்டாயிற்று. அப்புறம் நான் யாருக்குச் சமைப்பேன்?

போன வெள்ளிக்கிழமை கடையில் லீவு சொல்லிவிட்டு, ஸ்கூலிலிருந்து அவள் பின்னாலேயே போனேன். தகப்பன் செய்கிற வேலையா இது? வேறு வழி தெரியவில்லை.

எடிசன் ஸ்டேஷன் பக்கம் டிரினிடாட் அம்மா ஒருத்தர் டபுள்ஸ் வண்டி போட்டிருக்கிறாரே, அங்கே போய் நின்றாள். முன்பெல்லாம் நாலு பேர் நிற்பார்கள். இப்போது வரிசை பார்க்கிங் லாட்டைச் சுற்றி வருகிறது. அடுத்த வண்டியில் நைஜீரியாக்காரர் சூயா கறி சுடுகிறார், அங்கேயும் ஆபீஸ் விட்டு வந்த நம் ஆட்கள்தான். அத்தனை கூட்டத்தில் இவள் மட்டும் தனியாக.

பின்னால் போய் நின்றேன். திரும்பிப் பார்த்துவிட்டு வரிசையில் முன்னால் நகர்ந்தாள். எங்கள் முறை வந்ததும், அப்பாவா என்று கேட்டு அந்த அம்மாதான் பேசினார். வெள்ளிக்கிழமை டூட்டி முடிந்து, நர்ஸ் உடுப்போடு நீ இவளைக் கூட்டிக்கொண்டு வருவாயாமே?

ஏன் என்னிடம் சொல்லவில்லை? கேட்கவே எனக்கு யோக்கியதை இல்லை. வெளியில் கையால் சாப்பிடாதீர்கள், நாலு பேர் பார்ப்பார்கள் என்று உங்களைப் பதினெட்டு வருடம் அதட்டினவன் நான்தானே. ப்ளஸ் டூ தாண்டாதவனுக்கு நாகரிகத்தின் மேல் அத்தனை பயம்.

தாளில் இரண்டு மெத்துப் பூரி, நடுவில் கொண்டைக்கடலை, மேலே புளிச் சட்னி, அதுதான் டபுள்ஸ். வாங்கினதும், பழக்கதோஷம், ஃபோர்க் கேட்டேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ரெபேக்கா சிரிக்கவில்லை.

"நோ ஃபோர்க், அப்பா. அம்மா ஆல்வேஸ் யூஸ்ட் ஹெர் ஹேண்ட்ஸ்."

ஏழு மாதத்தில் உன்னைப் பற்றி அவள் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

கார் மேலேயே தாளை விரித்துப் பிய்த்துச் சாப்பிட்டேன். முழங்கை வரை சட்னி. நாலு பேர் பார்த்தார்களா, தெரியாது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழுசாகச் சாப்பிட்டாள், ஸ்டெல்லா.

வீட்டுக்கு வந்ததும் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. டிக்கெட் அப்படியே இருக்கிறது. ஜூன் வரைக்கும் இருக்கிற எல்லா வெள்ளிக்கிழமையும் அவளுக்குப் பின்னால் அந்த வரிசையில் நிற்பேன். ஃபோர்க் கேட்கமாட்டேன்.

ரெபேக்காவுக்கு மிச்சமிருக்கிற அப்பா,
உன் வீட்டுக்காரன்