செவலைக்குக் கட்டிய கச்சை

அன்புள்ள அம்மாவுக்கு, கொரியாவின் ஜேஜு தீவிலிருந்து சுக்பாத் வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆடுகளுக்கு இந்தக் கோடையில் புல் போதுமா? நான் நலம். இங்கே பதினோரு நாளாக விட்டு விட்டு மழை.

குடல் முறுக்கி, வயிற்றில் அறுவை செய்த குதிரை ஒன்றை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். லாயத்தில் அவளுக்கு எண்தான். நான் நம் வழக்கப்படி நிறம் பார்த்துச் செவலை என்கிறேன். திங்கட்கிழமை மேய்ச்சலுக்குக் கூட்டிப்போனபோது மழை பிடித்துக்கொண்டு வயிற்றுக் கட்டு நனைந்துவிட்டது. ஈரம் இறங்கினால் தையல் சீழ் பிடிக்கும். பண்ணையில் மாற்றுத் துணி தீர்ந்திருந்தது. கொண்டுவர வேண்டிய கப்பல் புயலால் வரவில்லை. பயப்படாதீர்கள், ஓடிப்போய் நீங்கள் கொடுத்த பட்டு இடைக்கச்சையை எடுத்துவந்தேன்.

“இது விழாவுக்குக் கட்டுறதாச்சே, மனசு வருமா?” என்றார் செவலைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா.

“எனக்கு அஞ்சு சுத்து வரும். அவளுக்கு ரெண்டாவது வருதான்னு பாருங்க” என்றேன்.

வந்தது. காயத்தைத் துடைத்து, மருந்துப் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டினோம். இன்று பிரித்துப் பார்த்தால் தையல் காய்ந்திருக்கிறது.

“உங்கம்மாவுக்கு நான் கும்பிடு சொன்னேன்னு எழுதுப்பா” என்று சொல்லி, டாக்டரம்மா அதையே மறுபடி கட்டிவிட்டார்.

ஞாயிறன்று நம் மங்கோலியர்கள் விழாவுக்குக் கூடுகிறார்கள். கச்சை செவலையிடம் இருப்பதால் நான் போகவில்லை. நாங்கள் இருவரும் லாயத்திலேயே கொண்டாடிக்கொள்வோம்.

தீனி நேரமாகிவிட்டது, கதவை உதைக்கிறாள். எனக்கு வேறொரு கச்சை அனுப்புங்கள். புதிதாக வாங்க வேண்டாம், நீங்கள் கட்டியதே போதும். துவைத்தால் அடுப்புப் புகை வாசம் போய்விடும், அப்படியே அனுப்புங்கள்.

உங்கள் மகன்,
சுக்பாத்